மம்மல் பொழுதும் இரண்டு கண்ணாடியும்

ஹனீபா நானாவின் ஆட்காட்டி விரல் துவக்கின் விசையைத் தொட்டுவிட்டது. அவருக்கு இடப்பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில், நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால், எண்பது கெஜ தூரத்தில், புல்லுக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது.

அவர் துவக்கில் பூட்டியிருந்த புதுத் தூரக்கண்ணாடியால் அதைப் பார்த்தார். நான் கையில் வைத்திருந்த பழைய கண்ணாடியால் பார்த்தேன். அவர் கண்ணுக்கு அது காட்டுப்பன்றி. என் கண்ணுக்கும் முதலில் காட்டுப்பன்றிதான். அப்புறம் அது வேறாகத் தெரியத் தொடங்கியது.

அந்த ‘அப்புறம்’ எத்தனை நொடி நீடித்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் சிரிப்பு குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நடந்த பரீட்சை

அப்போது நான் கண்டி நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். வில்லைகளைத் தேய்த்து, சட்டத்துக்கு அளவாக வெட்டிப் பூட்டுவது என் வேலை. முப்பது வயது. கையில் தொழில் இருந்தது, அதைவிட அதிகமாகத் தலைக்கனம் இருந்தது. கண்டியில் கண்ணைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று மனதார நம்பினேன்.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஒருமுறை ஒரு பஸ் டிரைவர் லைசென்ஸுக்குக் கண் காட்ட வந்தார். சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பலகையைத் திருப்பி மாட்டி, வெறும் மட்டையைக் காட்டி, “இப்ப வாசிங்க” என்றேன். மனிதர் அதே வரிசையில் அதே எழுத்துக்களை வாசித்து முடித்தார். அந்தக் கதையைச் சொல்லியே நான் பல மாதம் பெருமை அடித்தேன். பார்க்கிறேன் என்று நினைப்பவன் எல்லாம் பார்க்கிறவன் அல்ல என்று அந்த டிரைவரைச் சுட்டிக்காட்டிச் சொல்வேன்.

ஹனீபா நானா கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரர்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். ஐம்பதைத் தாண்டியவர். ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்து எல்லையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் வயலும் மரவள்ளிக் காணியும் இருந்தன. பயிர்க் காவலுக்கென்று அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் எடுத்து, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ரைபிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் தலையில் பூட்டுகிற தூரக்கண்ணாடியும் கூடவே வந்தது. ஸ்கோப் என்பார்கள். கனமான இரும்புக் குழாய், முன்வாய் அகலம், பெயின்ட் உரிந்து போயிருந்தது. ஆறு மடங்கு பெரிதாகக் காட்டும். கூட்டவோ குறைக்கவோ முடியாது.

புதுக் கண்ணாடியைக் கப்பலில் வேலை செய்த அவருடைய மருமகன் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த குழாய், பளபளப்பு, நடுவில் திருகுகிற ஒரு வளையம். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை விரும்பியபடி கூட்டிக்கொள்ளலாம். இரண்டையும் துவாயில் சுற்றிக்கொண்டு ஒருநாள் கடைக்கு வந்தார்.

“தம்பி, ரெண்டுல எதைப் பூட்டுறது? நீங்க சொல்றதுதான். எனக்கு மம்மல்ல கண்ணு சரியில்ல. அது வாறதும் மம்மல்லதான்.”

மம்மல் என்றால் அந்தி மங்கல், ‘அது’ என்றால் பன்றி. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்ல மாட்டார். அவர் சுட்டு விழுத்துகிற பன்றியைக் கீழ்ச் சிங்கள ஊராரும் மேலே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், இருக்கிற சனங்களும் பங்குபோட்டு எடுத்துக்கொள்வார்கள். இவர் கிட்டவும் போகமாட்டார். இவருக்கு வேண்டியது மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான். அந்த வருடம் பன்றிகள் அதில் பாதிக்கு மேல் உழுது தள்ளியிருந்தன. வயலில் கதிர் முற்ற இரண்டு வாரம் இருந்தது. அதையும் விட்டால் அந்த வருடம் வீட்டுக்கு நெல் இல்லை.

நான் அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். சன்னலைத் திறந்தால் பஸ் நிலையத்துப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். நல்ல வெயில், பதினொன்றரை மணி. பழையதால் பார்த்தோம். மணிக்கூட்டின் முகம் தெரிந்தது, ஆனால் ஓரங்களில் மங்கல் படிந்திருந்தது. கண்டிக் குளிருக்கும் ஈரத்துக்கும் வில்லைக்குள் பூஞ்சணம் நூல் நூலாக ஓடியிருந்தது. புதியதால் பார்த்தோம். ஒன்பதில் திருப்பியதும் மணிமுள்ளின் துருகூடத் தெரிந்தது.

“இதுக்கும் பரீட்சை வேணுமா நானா?” என்றேன். “புதுசைப் பூட்டுங்க. ஒன்பதுலயே வைங்க. வளையம் அசையாமல் நானே இறுக்கித் தாரன்.”

இறுக்கியும் கொடுத்தேன். பழையதை, பூஞ்சணத்தைத் துடைத்துப் பார்க்கிறேன் என்று கடையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தும் தெரியாமல் போனது

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேசவேண்டும். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போகிறவர்கள்தான் என்னைப் போல மாட்டிக்கொள்வார்கள்.

தூரக்கண்ணாடியின் முன்வில்லை எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதை அது எத்தனை மடங்கு காட்டுகிறதோ அதால் வகுக்கவேண்டும். வருகிற விடைதான் நம் கண்ணுக்குள் வந்து விழுகிற ஒளிவட்டத்தின் அகலம். பழையதன் முன்வாய் நாற்பத்திரண்டு. ஆறால் வகுத்தால் ஏழு. புதியது முப்பத்திரண்டு. ஒன்பதால் வகுத்தால் மூன்றரைக்கு ஒரு மயிரிழைதான் கூட.

பகல் வெயிலில் நம் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கி இருக்கும். மூன்றரை தாராளமாகப் போதும். பொழுது சாய்ந்தால் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு ஏங்கும். அப்போது ஏழு கொடுக்கிற பழைய கண்ணாடி ஊட்டும், மூன்றரை கொடுக்கிற புதியது பட்டினி போடும். பெரிதாகத்தான் காட்டும். பெரிய இருட்டாகக் காட்டும். அதே புதுக் கண்ணாடியை நாலுக்குத் திருப்பியிருந்தால் வெளிச்சம் போதுமான அளவு வந்திருக்கும். பழி கண்ணாடிமேல் இல்லை.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். அந்திக்கு வேண்டிய கண்ணாடியை நண்பகலில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மணிமுள்ளின் துருவைக் கண்டு மயங்கிப்போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் நாலு கட்டத்துக்கும் வருகிற பௌத்தர்களின் போயா நாளை விடுமுறையாக்கி வைத்திருந்த காலம் அது. கிழமை எதுவானாலும் போயா வந்தால் கடைக்குப் பூட்டு. அதற்கு முதல்நாள் அரைநாள். கல்யாண வீட்டுக்கு நாள் குறிப்பவர்கள் முதல் கடன்காரனுக்குத் தவணை சொல்பவர்கள் வரை எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நடந்தார்கள்.

துவக்கில் புதுக் கண்ணாடி பூட்டிய பிறகு குறி சரிபார்க்க நானும் வரவேண்டும் என்று நானா கேட்டார். போயாவன்று சுடக்கூடாது, கீழே சிங்கள ஊர். மற்ற நாட்களில் எனக்கு வேலை. மிஞ்சியது போயாவுக்கு முதல்நாள் பின்னேரம். அந்த முறை அது வெள்ளிக்கிழமையில் விழுந்தது.

நானா தயங்கினார். “வெள்ளிக்கிழமை நாங்க துவக்கைத் தொடுறதில்லையே தம்பி. வாப்பா காலத்துப் பழக்கம்.”

“ஒரு நாளைக்கு நானா. அடுத்த போயாவுக்கு உங்க வயல்ல வைக்கோல்தான் மிஞ்சும்.”

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு ஜும்மாத் தொழுகை முடிந்து வருகிறேன் என்றார். அவருக்கு ஆசைகாட்டியது நான்தான்.

எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்காத ஒன்று இருந்தது. அவருக்கு அது பழக்கம் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் லயத்தில் இருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. மற்ற நாட்களில் பொழுது சாய்ந்தால் யாரும் எல்லையோரப் புல்வெளிப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள், துவக்கு இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் துவக்கு வராது. ஆகையால் மாட்டுக்குப் புல் வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்து வந்தார்கள். இதை நாங்கள் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

கம்பளி

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவள். படித்து டவுனுக்கு வந்த பிறகு கடையில் யாரிடமும் அதை நான் வாய்விட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் “கண்டி” என்பேன், பேச்சை மாற்றிவிடுவேன்.

மழைக்கும் குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் அம்மா கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு போவாள். நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். கம்பளியோடு குனிந்து உட்கார்ந்தால் தலை எது முதுகு எது என்று தெரியாது. ஒரு கறுத்த திமில் மட்டும் தெரியும். அதை இருபது வருடம் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த எல்லையில் துவக்கோடு உட்காரும்போது, அது ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை.

பரணில்

கட்டுகஸ்தோட்டை வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. கீழே ஒரு மேட்டில் கடதாசி மட்டை வைத்து இரண்டு வெடி வைத்துக் குறி பார்த்தோம். சரியாக இருந்தது. வெடிச்சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது, நடுவில் ஒரு குன்று. அதற்குப் பிறகு தூறல் பிடித்தது. மேலே ஏறிப் பலா மரத்தில் கட்டியிருந்த பரணில் உட்கார்ந்தோம்.

பரணில் பேசக்கூடாது. இருமக்கூடாது. அந்தத் துவக்கின் விசை மிகவும் இலகு. “தும்மினாலும் வெடிச்சிரும்” என்று நானா ஏறும்போதே சொல்லியிருந்தார். துடைத்து முடித்த பழைய கண்ணாடியை நான் கூடவே கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் அந்தியில் ஒப்பிட்டு, என் சொல் சரி என்று எனக்கே காட்டிக்கொள்கிற ஆசை.

ஐந்தரைக்கு இரண்டிலும் எல்லாம் தெரிந்தது. ஆறுக்கு மேகம் இறங்கியது. வெறுங்கண்ணுக்குப் புல்லும் வரப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. பழைய கண்ணாடியை எடுத்து வைத்தேன். வைத்ததும் திடுக்கிட்டுப் போனேன். கண்ணாடிக்குள் இன்னும் ஐந்தரை மணியாகவே இருந்தது. புல்லில் தாள் தாளாகத் தண்ணீர் நிற்பது தெரிந்தது.  ஏழும் மூன்றரையும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன.

நானாவிடம் வளையத்தைக் குறைக்கச் சொல்லவேண்டும். நான் இறுக்கியது கைக்கு அசையாது, திருப்புளி வேண்டும். சரி, இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் பிழையை அந்த நேரத்தில் ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

அப்போதுதான் புல் அசைந்தது.

“அது வந்துட்டு” என்று நானா உதட்டால் மட்டும் சொன்னார். துவக்கைப் பரண் கம்பில் ஊன்றினார். கன்னத்தை வைத்தார்.

நான் பழையதால் பார்த்தேன். கறுத்த முதுகு. தலையைக் கீழே வைத்து முன்னும் பின்னும் அசைகிறது. பன்றி கிழங்கு தோண்டுகிறபோது அப்படித்தான் அசையும் என்று நானா சொல்லியிருந்தார். எனக்கும் பன்றிதான். நல்ல பெரிய பன்றி.

பிறகு அந்த முதுகு நின்றது. பக்கவாட்டில் சாய்ந்தது. கறுப்புக்குள்ளிருந்து மெலிதாக ஒன்று வெளியே வந்து, கீழே கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் எதையோ கிள்ளி, சுண்டி எறிந்தது.

அட்டை. அட்டையைப் பிடுங்கி எறிகிறாள். என் அம்மா அப்படித்தான் செய்வாள். பெருவிரலால் உருட்டி, நடுவிரலால் சுண்டுவாள்.

கத்தவேண்டும் என்று வாய் திறந்தது. நானாவின் விரல் விசையில் இருப்பதைப் பார்த்தேன். கத்தினால் திடுக்கிடுவார், வெடித்துவிடும். தோளைத் தொட்டாலும் வெடித்துவிடும். அவர் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டார். சுடுகிறவர்கள் சுடுமுன் அப்படித்தான் செய்வார்கள்.

நான் கையை மெதுவாக நீட்டினேன். அவசரமாக நீட்டவில்லை. அவருடைய கண்ணாடியின் முன்வாயில் உள்ளங்கையைப் பொத்தினேன்.

அவருக்கு எல்லாம் இருட்டாகிவிட்டது. இரண்டு நொடி புரியாமல் இருந்தார். பிறகு விரல் விசையைவிட்டு வெளியே வந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடித்துவிடுவார் போலிருந்தது.

“என்ன வேலை செய்றீங்க நீங்க?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

 பழைய கண்ணாடியை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். அதற்குள் அவள் புல்கட்டைக் கட்ட எழுந்து நின்றுவிட்டாள்.

“யா அல்லாஹ்” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். அது கைநழுவிப் பரண் இடுக்கால் கீழே விழுந்தது. கீழே மடவளைப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியது. தொழுகைக்கு ஒருநாளும் பிந்தாத மனிதர், பரண் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

புல்கட்டு

நாங்கள் இறங்கி நடந்து போனபோது அவள் எங்களைக் கண்டு புல்கட்டைக் கீழே போட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் அருவாள். 

“மன்னிச்சிருங்க மொதலாளி. வெள்ளிக்கெழமதானேன்னு வந்தேங்க. பசு கன்னு போட்டிருக்குங்க. எல்லைக்கு இந்தப் பக்கமா கொஞ்சம் அறுத்துப்புட்டேன். கங்காணிகிட்ட சொல்லிப்புடாதீங்க.”

நானா கீழே கிடந்த புல்கட்டைக் காட்டினார். “புல்லுக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. எடுத்துட்டுப் போங்க” என்றார். பிறகு, “எந்த நாளும் வந்து எடுங்க. இந்தப் பக்கம் இனித் துவக்கு வராது” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். “ஐயா டவுனுங்களா?”

“ஆமா” என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுத் திரும்பி, தான் குந்தியிருந்த இடத்துக்கு நேர் பின்னால், இரண்டடி தள்ளிப் புல்லை விலக்கினாள். சாக்கு விரித்து ஒரு பிள்ளையைப் படுக்கவைத்திருந்தாள். இரண்டு வயது இருக்கும். வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தது.

“வீட்ல பாத்துக்க ஆளில்லைங்க” என்றாள், நாங்கள் அதற்கும் ஏசுவோம் என்று நினைத்து.

அந்த இடத்தைத்தான் நான் பழைய கண்ணாடியால் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. நல்ல கண்ணாடி, நல்ல வெளிச்சம், கண்டியிலேயே கண்ணைப் பற்றி அதிகம் தெரிந்தவனின் கண். அவளைத் துளைக்கிற குண்டு அதையும் துளைத்திருக்கும்.

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். புல்கட்டை நானா தூக்கி அவள் தலையில் வைத்தார்.

“நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி. ஐயாவும் நல்லா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

 இனித் துவக்கு வராது என்ற வார்த்தையை நானா காப்பாற்றினார். வயலைச் சுற்றி முட்கம்பி இழுத்தார், பன்றி பாதியைத் தின்றது, பாதி கிடைத்தது. என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை நினைத்தேன். அதற்கு அடுத்ததும் நினைத்தேன். சில வருடத்தில், இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, அந்த லயத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவளும் போனாளோ என்னவோ, பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்காது. பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஆணோ பெண்ணோ, இன்றைக்கு நடுவயதைத் தாண்டியிருக்கும். எங்காவது ஒரு கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த தாளிலாவது இதை வாசித்தால், இவ்வளவுதான் சொல்லவேண்டும்: அன்றைக்கு உன் அம்மா இரண்டு பேருக்கு நன்றி சொன்னாள், பிள்ளை. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டோம்.